திறவுகோல் எவர் கையில்?

2025-ஆம் ஆண்டு அக்தோபர்த் திங்கள் 14-ஆம் நாள், மைக்ரோசாப்டு நிறுவனம் தன் விண்டோசு-10 என்னும் இயங்குதளத்திற்கு அளித்துவந்த பேணுதலை நிறுத்திக்கொண்டது. முதல்நாள் ஓடிய பொறிகள் மறுநாளும் ஓடின. எந்தத் திரையும் இருண்டுவிடவில்லை. ஆயினும், இனி அவ்வியங்குதளத்தில் ஓட்டை ஏதேனும் கண்டறியப்பட்டால், அதனை அடைத்துத் தரும் கடப்பாடு தமக்கில்லை என்று அந்நிறுவனத்தார் கைகழுவினர். பணங் கட்டியோ, அவர்கள் வகுத்த வேறு வரையறைகளுக்கு உட்பட்டோ, 2026 அக்தோபர் வரை ஓராண்டு நீட்டிப்புப் பெறலாம் என்றனர். அடுத்த பதிப்பாகிய விண்டோசு-11-க்கு மாறிக்கொள்ளலாமே என்றால், அதற்கு டி.பி.எம். எனப்படும் காப்புச் சில்லும், பெரும்பாலும் 2018-ஐ ஒட்டியோ அதற்குப் பின்னரோ வெளிவந்த செயலியும் வேண்டும். பழுதின்றி உழைத்துக்கொண்டிருந்த எண்ணற்ற கணிப்பொறிகள் ஒரே நாளில் கழித்துக்கட்டப்பட்டவை ஆயின.

இங்கே ஒரு வினா எழுகின்றது. பொறி நம்முடையது, விலை கொடுத்தவர் நாம், அதில் எழுதி வைத்திருக்கும் கணக்கும் கடிதமும் நூலும் நம்முடையவை. ஆனால் அது எத்துணை நாள் வாழலாம் என்று வரையறுப்பவர் எவர்? வீடு நம்முடையதாகவும் வாயிற்கதவின் திறவுகோல் பிறரிடத்தும் இருப்பின், அவ்வீட்டை நம் வீடு என்று சொல்லிக்கொள்வதில் பொருளுண்டா?

உலகில் ஒரு சாரார் இவ்வினாவை நாற்பதாண்டுகளுக்கு முன்பே எழுப்பினர், விடையும் கண்டனர். அவர்களே கட்டற்ற மென்பொருளைக் கைக்கொண்டோர். இலினக்சு, உபுண்டு, தெபியன் என்றெல்லாம் பெயர் கூறி, கடையிற் கிடைக்கும் இயங்குதளத்தை ஒதுக்கிவிட்டுத் தாமே தேர்ந்ததை நிறுவிக்கொள்ளும் இளைஞர்களை இன்று இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் கூடக் காணலாம். 'காசு மிச்சம் பிடிக்கிறார்கள்' என்று சிலர் அவர்களைப் பற்றி எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். அது முழுவுண்மை அன்று. அவர்கள் ஏன் அவ்வாறு செய்கின்றனர் என்பதைத் தமிழர் ஆழ எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

<b>விலையின்மையா, விடுதலையா?</b>

கணிப்பொறியின் உறுப்புகளை எல்லாம் ஆட்சி செய்து, நாம் இடும் ஏவலை அவை நிறைவேற்றுமாறு இயக்கும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். அதனை வல்லுநர்கள் படித்தறியக்கூடிய கட்டளைகளாக எழுதுகின்றனர். இதுவே மூலநிரல். பின்னர் அது பொறிக்கு மட்டுமே விளங்கும் வடிவத்திற்கு மாற்றப்படுகின்றது. விற்பனை நிறுவனங்கள் இரண்டாவதை மட்டும் நம்மிடம் தந்து, முன்னதைப் பூட்டி வைத்துக்கொள்கின்றன. சமைத்த உணவைத் தந்து, சமையற் குறிப்பை மறைப்பது போன்றது இது. அத்துடன் நில்லாது, அவ்வுணவைப் பக்கத்து வீட்டாரோடு பகிர்ந்துண்ணலாகாது என்று உடன்பாடும் எழுதி வாங்கிக்கொள்கின்றன.

அமெரிக்காவில் மாசச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வகம் ஒன்றில் பணியாற்றியவர் இரிச்சர்டு சுடால்மன். அவ்வாய்வகத்தில் இருந்த அச்சுப்பொறியில் அடிக்கடி தாள் சிக்கிக்கொள்ளும். சிக்கியவுடன் பயனருக்குச் செய்தி வருமாறு நிரலைத் திருத்திவிட அவர் விழைந்தார். ஆனால் மூலநிரல் மறுக்கப்பட்டது. அதனை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரோ, 'பிறர்க்குக் காட்டுவதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்' என்றார். ஒரு தாள் சிக்கலைத் தீர்க்கவும் உரிமையில்லாத நிலை அவரை உறுத்தியது. 1983-இல் குனு என்னும் கட்டற்ற இயங்குதளத்தை உருவாக்கப் போவதாக அவர் அறிவித்தார். 1985-இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் இலினசு தோர்வால்டுசு, இலினக்சு என்னும் கருவகத்தை எழுதி வெளியிட்டார். மறு ஆண்டில் அதுவும் குனுவின் பொது உரிமத்தின்கீழ் வந்தது. இவ்விரண்டும் இணைந்ததே இன்று நாம் பொதுவாக இலினக்சு என்று வழங்கும் இயங்குதளம்.

அவ்வுரிமம் பயனர்க்கு நான்கு உரிமைகளை உறுதி செய்கின்றது. எந்நோக்கத்திற்கும் மென்பொருளை இயக்கும் உரிமை ஒன்று. அது எங்ஙனம் இயங்குகின்றது என்று ஆராய்ந்து, வேண்டியவாறு திருத்திக்கொள்ளும் உரிமை இரண்டு. படியெடுத்துப் பிறர்க்கு வழங்கும் உரிமை மூன்று. திருத்திய வடிவத்தையும் அவ்வாறே வழங்கும் உரிமை நான்கு. இவற்றுள் விலை பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதை நோக்குக. கட்டற்ற மென்பொருளை விற்கவும் செய்யலாம். வாங்கியவரைக் கட்டிப்போடுவது மட்டுமே கூடாது.

<b>கண்மாயும் விதையும்</b>

இக்கருத்தை வத்திராயிருப்பு உழவருக்கு விளக்க நூலறிவு வேண்டுவதில்லை. பிளவக்கல்லில் பெரியாற்று அணையும் கோவிலாற்று அணையும் மலைநீரைத் தேக்கித் தர, அந்நீர் கண்மாய்களை நிறைத்து வயலுக்கு வருகின்றது. கண்மாய் ஒரு தனியாளின் உடைமை அன்று. அதன்கீழ் நிலமுடைய அனைவர்க்கும் பொது. கரை உடைந்தால் மண்வெட்டியோடு திரள்வதும், மடையையும் வாய்க்காலையும் செப்பனிடுவதும் ஊராரின் கடமையாகவே இருந்துவந்தன. குடிமராமத்து என்று நம் முன்னோர் நடத்தியது இதனையே. பொதுவாக இருப்பதனால் கண்மாய் கேட்பாரற்றது ஆகிவிடவில்லை; விலையில்லை என்பதனால் உழைப்பின்றி வந்ததும் ஆகிவிடவில்லை.

விதையை எடுத்துக்கொள்வோம். தன் களத்து நெல்லிலிருந்து பொறுக்கி வைத்த விதையை உழவர் அடுத்த விதைப்புக்குப் பயன்கொள்ளலாம். அண்டை வயலாருக்குக் கொடுக்கலாம். தம் மண்ணுக்கு ஏற்றதைத் தேர்ந்து தேர்ந்து வளமாக்கலாம். ஒட்டு விதையோ அடுத்த முறை அதே விளைச்சலைத் தருவதில்லை. ஆண்டுதோறும் கடையையே நாடவேண்டும். பூட்டிய மென்பொருள் இவ்விரண்டாம் வகை. கட்டற்ற மென்பொருள் முதல் வகை. இதனைப் புரிந்துகொண்டோரே இலினக்சை நாடுகின்றனர்.

<b>அவர்கள் கூறும் கரணியங்கள்</b>

முதலாவது, பழைய பொறியும் வாழும். இலினக்சு வழங்கல்களுள் எளிய, மெல்லிய வகைகள் பல உள. பத்தாண்டு கடந்த கணிப்பொறியிலும் அவை இணக்கமாக ஓடும். ஊர்ப்புறப் பள்ளிக்கும் நூலகத்திற்கும் இது சிறிய பேறு அன்று. நல்ல பொறிகளைக் குப்பையில் எறிந்து நிலத்தையும் நீரையும் நஞ்சாக்கும் கேடும் இதனால் குறையும்.

இரண்டாவது, காப்பு. கட்டற்ற இயங்குதளத்தில் ஓட்டையே இராது என்று நாம் கூறவில்லை. மாந்தர் எழுதும் எந்நிரலிலும் பிழை உண்டு. ஆனால் பலர் கண் படும் இடத்தில் பிழை நெடுநாள் ஒளிந்திருத்தல் அரிது. 2024 மார்ச்சில், எக்சு-இசட் என்னும் சிறு கருவியில் எவரோ சூழ்ச்சியாகத் திணித்த கள்ளவாயில் ஒன்று வெளிப்பட்டது. கணிப்பொறிக்குள் நுழைவதற்கு வழக்கத்தினும் அரை நொடி கூடுதலாகின்றதே என்று ஐயுற்ற பொறியாளர் ஒருவர், நிரலைத் துருவிச் சென்று அதனைப் பிடித்தார். அவர் மைக்ரோசாப்டு நிறுவனத்திலேயே பணியாற்றியவர் என்பது சுவையான செய்தி. பூட்டிய நிரலாயின் அவர் எதனைத் துருவியிருப்பார்?

மூன்றாவதும் தலையாயதும், பிறர் தயவில் வாழாமை. 2025 சூலையில் நிகழ்ந்ததை நினைவு கூர்க. குசராத்தில் வாடினார் எண்ணெய்த் தூய்மிப்பு ஆலையை நடத்தும் நயாரா நிறுவனத்தின்மீது ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. உடனே மைக்ரோசாப்டு நிறுவனம் நயாராவின் மின்னஞ்சல் முதலிய பணிகளை நிறுத்திவிட்டது. நயாரா, தில்லி உயர்முறைமன்றத்தை நாடியது. அதன்பின்னரே பணிகள் மீண்டன. தடை சரியா, தவறா என்பது வேறு வழக்கு. இந்திய மண்ணில், இந்தியச் சட்டத்தின்கீழ், விலை கொடுத்து வாங்கிய ஏந்தினை, வேற்றுக் கண்டத்தார் எடுத்த முடிவொன்று ஒரே நாளில் நிறுத்திவிட முடிந்தது என்பதே நாம் கருத வேண்டுவது. ஒரு பெருநிறுவனத்திற்கே இந்நிலையாயின், ஓர் ஊராட்சி அலுவலகமும் ஒரு பள்ளியும் எம்மாத்திரம்?

<b>மொழிக்கு என்ன தொடர்பு?</b>

'இவையெல்லாம் பொறியியலார் கவலை. மொழியன்பர்க்கு இதில் என்ன?' என்பாருக்கு ஐசுலாந்தின் வரலாற்றைக் கூறுவோம். மூன்று இலக்கம் மக்களும் அன்று அந்நாட்டில் இல்லை. ஆயினும் வேற்றுச்சொல் கலவாது தம் மொழியைக் காப்பதில் அவர்க்கு நிகர் சிலரே. கணிப்பொறிக்கு அவர்கள் ஆங்கிலச் சொல்லைக் கடன் வாங்கவில்லை. எண்ணைக் குறிக்கும் சொல்லையும் வருவதுரைக்கும் பெண்ணைக் குறிக்கும் பழஞ்சொல்லையும் இணைத்துத் 'தோல்வா' என்று தம் சொல்லையே ஆக்கிக்கொண்டனர். நம் கணியன் பூங்குன்றனார் பெயரில் உள்ள 'கணி'யும் காலங் கணித்துரைப்போரைக் குறிப்பதே அன்றோ! அத்தகைய ஐசுலாந்தியர், 1998-இல் விண்டோசைத் தம் மொழியில் தருமாறு கேட்டபோது, சந்தை சிறிது என்று மைக்ரோசாப்டு மறுத்தது. உலகறிய எதிர்ப்பு எழுந்த பின்னரே 1999-இல் இசைந்தது. கட்டற்ற மென்பொருளைப் பெயர்க்க அவர்கள் எவரிடமும் இசைவு கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆர்வலர் சிலர் தாமே அமர்ந்து பெயர்த்தனர். ஒரு மொழிக்குப் பொறியில் இடமுண்டா என்பதை மொழிக்குரியோர் முடிவு செய்வதா, விற்பனைக் கணக்கர் முடிவு செய்வதா? வேறுபாடு அவ்வளவே.

தமிழின் நிலை என்ன? 1991-இல் ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றது. விண்டோசு-2000 பதிப்பில் தமிழ் எழுத்து இயன்றது. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் கட்டளைப் பட்டிகளும் அறிவிப்புகளும் தமிழிலேயே தோன்றும் முழுத்திரையை, 2000-ஆம் ஆண்டையொட்டியே இலினக்சில் கண்டோம். பல நாடுகளில் வாழ்ந்த தமிழர் சிலர் மின்னஞ்சல் வழி ஒன்றுகூடி, கே.டி.இ. என்னும் திரைச்சூழலைத் தமிழாக்கினர். எவரும் அவர்களைப் பணிக்கவில்லை. எவரும் ஊதியம் தரவில்லை. நிரல் திறந்திருந்தது, தமிழ் நெஞ்சும் திறந்திருந்தது. வேறென்ன வேண்டும்? அவ்வழியில் இன்று உலாவி, எழுது செயலி எனப் பலவும் தமிழில் வந்துள்ளன. 2012 முதல் 'கணியம்' என்னும் இதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே கற்பித்து வருகின்றது.

எழுத்தின் நுட்பம் ஒன்றைக் காண்க. 'கொ' என்று அடிக்கும்போது, ககரத்தின் இடப்புறம் கொம்பும் வலப்புறம் காலும் அமைய வேண்டும். பொறியின் நினைவிலோ முதலில் ககரமும் அதன்பின் ஒகரக் குறியும் மட்டுமே நிற்கின்றன. அவற்றை முறையாகக் கோத்துத் திரையில் காட்டும் பணியைத் தனியொரு நிரல் செய்கின்றது. ஆர்ப்பசு என்னும் கட்டற்ற நிரலே இன்று பயர்பாக்சு, குரோம், ஆண்டிராய்டு, இலிபர்ஆபீசு ஆகிய யாவற்றிலும் இப்பணியைச் செய்கின்றது. அதில் ஒரு தமிழ் எழுத்துப் பிழைபட்டால், வத்திராயிருப்பில் இருக்கும் ஒரு மாணவரே அதனைச் சுட்டலாம். திறமிருப்பின் திருத்தியும் அனுப்பலாம். அத்திருத்தம் ஏற்கப்பட்டால் உலகத் தமிழர் அனைவர்க்கும் போய்ச் சேரும்.

இதற்கு மாறானதை நம் மாவட்டத்துச் சிவகாசியிலேயே காணலாம். அச்சுத் தொழிலில் நெடுங்காலம் கோலோச்சியது பேச்மேக்கர் என்னும் மென்பொருள். அடோபி நிறுவனம் 2001-இல் அதன் ஏழாம் பதிப்பை வெளியிட்டதோடு வளர்ச்சியை நிறுத்திக்கொண்டது. அம்மென்பொருளில், ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பம்போல் வகுத்த எழுத்துருக் குறியீட்டில், எத்தனை ஆயிரம் தமிழ் நூல்கள் கோக்கப்பட்டன! உரிய எழுத்துரு இல்லாது அக்கோப்புகளைத் திறந்தால், தமிழ் இருந்த இடத்தில் வேற்றெழுத்துக் குப்பையே தெரியும். மூலநிரல் பூட்டப்பட்டிருந்தமையால், வேறெவரும் அதனை எடுத்து ஒருங்குறிக்கேற்பத் திருத்தவும் வழியில்லை. பனையோலையைச் செல்லரித்ததற்கு வருந்திய நாம், கண்முன்னே கணிப்பொறிக் கோப்புகளைச் செல்லரிக்க விட்டோம்.

<b>தமிழ்நாடு செய்ததும் செய்யாததும்</b>

தமிழ்நாட்டில் முயற்சியே இல்லை என்று கூறுதல் பிழை. தமிழ்நாடு மின்னணு நிறுவனமாகிய எல்காட்டின் மேலாண்மை இயக்குநராக, ஆட்சிப்பணி அலுவலர் உமாசங்கர் இருந்த காலத்தில், 2007-ஐ ஒட்டி, அந்நிறுவனத்தின் கணிப்பொறிகள் சூசே இலினக்சுக்கு மாற்றப்பட்டன. பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் இலினக்சைக் கொண்டுசெல்ல முயன்றனர். அரசு அலுவலகமும் விற்பனை நிறுவனத்தைச் சாராது இயங்கலாம் என்பதை அவர் செய்து காட்டினார். அதே 2007-இல், நடுவணரசின் சி-டாக் நிறுவனம் தன் சென்னை நடுவத்தில் தெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய 'பாசு' இயங்குதளம் வெளிவந்தது. 2010-இல் ஒருங்குறியையும் அனைத்து எழுத்துக் குறியீட்டு முறையையும் தமிழ்நாட்டரசு தரமாக ஏற்றது. 2011 செப்தம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கியவை பலவற்றில் விண்டோசுடன் பாசும் இருந்தது.

பின் குறை எங்கே? பொறியைக் கொடுத்தோம், அதனைக் கற்பிக்கவில்லை. பாசு எதற்காக என்று மாணவர்க்கு எடுத்துரைப்பார் இலர். அதனை அழித்துவிட்டு உரிமமில்லா விண்டோசுப் படியை ஏற்றிக் கொடுப்பதே பல இடங்களில் 'சரி செய்தல்' எனப்பட்டது. கையில் இருந்த விடுதலையைத் துடைத்துவிட்டு, திருட்டுப் படிக்குள் அடைபட்டோம். உரிமமில்லாப் படியைப் பயன்படுத்துவோர் பூட்டிய மென்பொருளை எதிர்ப்பவர் அல்லர். அதன் பிடியை இறுக்குபவரே ஆவர். பழக்கம் முற்றிய பின் பணங் கேட்டால் போதும் என்பது விற்பவர்க்குத் தெரியும்.

நம் மலைக்கு மேற்கே கேரளம் வேறு வழி சென்றது. 2001-இல் தொடங்கிய பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தை அவர்கள் படிப்படியாக முழுமையும் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றினர். ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தனர். பாடநூலை அதற்கேற்ப எழுதினர். தேர்வையும் அதிலேயே நடத்தினர். பள்ளிகளுக்கெனத் தனி இயங்குதளத்தையே உபுண்டுவினின்று உருவாக்கினர். 2019-இல் இரண்டு இலக்கத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளில் அதனை நிறுவுவதால் 3,000 கோடி உருபா மிச்சம் என்று அவர்தம் அரசு நிறுவனமே கணக்கிட்டது. பணத்தினும் பெரியது, ஒரு தலைமுறை மாணவர் பூட்டைத் திறந்து பார்க்கப் பழகியதே.

<b>தடைகளை மறைக்க வேண்டா</b>

மாறுவோர்க்கு இடர்ப்பாடுகள் உண்டு. கணக்கெழுதும் கடைக்காரர் நெடுநாள் பழகிய டேலி மென்பொருள் விண்டோசுக்கு உரியது. சில அச்சுப்பொறிகளுக்கு உரிய இயக்கி நிரல் எளிதிற் கிட்டாது. பழுது பார்ப்போர் பலர் இலினக்சு அறியார். செருமனியின் மூனிக் மாநகராட்சி பல்லாண்டு முயன்று ஏறத்தாழ 15,000 கணிப்பொறிகளை இலினக்சுக்கு மாற்றியும், 2017-இல் விண்டோசுக்கே திரும்ப முடிவு செய்தது. ஆயினும் அதே செருமனியில் சிலேசுவிக்-ஒல்சுடைன் மாநிலம், 2024-இல், தன் 30,000 அரசுக் கணிப்பொறிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றுவதாக அறிவித்தது. கருவி நன்றாயிருத்தல் மட்டும் போதாது. ஆள்வோரின் உறுதியும் பயில்வோரின் பொறுமையும் வேண்டும் என்பதே இவற்றால் அறிவது.

<b>இனிச் செய்வன</b>

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுக என்று நாம் கூறவில்லை. இயன்றதிலிருந்து தொடங்குக.

1. நிறுவாமலே இலினக்சை இயக்கிப் பார்க்க விரற்கோல் ஒன்று போதும். வீட்டில் முடங்கிக் கிடக்கும் பழைய பொறியில் முதலில் ஓட்டிப் பார்க்க. கோப்புகளைப் படியெடுத்து வைத்துக்கொண்டு பின்னர் நிறுவுக.

2. இயங்குதளத்தை மாற்ற இயலாதோர், முதலில் மென்பொருளை மாற்றுக. பயர்பாக்சும் இலிபர்ஆபீசும் விண்டோசிலும் இயங்கும். அவற்றின் திரையைத் தமிழுக்கு மாற்றுக. இனி எழுதும் தமிழ் யாவும் ஒருங்குறியில் இருக்கட்டும்.

3. இராசபாளையம், திருவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு ஆகிய ஊர்களில் உள்ள தமிழ் மன்றங்கள் திங்களுக்கு ஒரு நாள் கணிப்பொறிப் பயிற்சி நடத்துக. அறிந்த மாணவர் அறியாத முதியோர்க்குக் கற்பிக்கட்டும்.

4. பழைய எழுத்துருக் குறியீட்டில் நூல் வைத்திருப்போர், அவற்றைக் காலந்தாழ்த்தாது ஒருங்குறிக்கு மாற்றிக் காப்பாற்றுக.

5. மக்கள் பணத்தில் ஆக்கப்படும் மென்பொருளின் மூலநிரல் மக்களுக்கே உரியதாதல் வேண்டும் என்று அரசை வலியுறுத்துக. நடுவணரசு 2015-இலேயே திறந்த மூலநிரலுக்கு முதன்மை தரும் கொள்கையை அறிவித்துள்ளது. எழுத்தில் உள்ளதைச் செயலில் கேட்பதே நம் பணி.

தமிழன்பர்களே! வேற்றுமொழிச் சொல்லை விலக்கித் தமிழ்ச்சொல்லைப் பேணுதல் வெறும் சொல்லாராய்ச்சி அன்று. எண்ணும் உரிமையைப் பிறரிடம் அடகு வைக்க மறுத்தலே ஆகும். இன்று நம் எண்ணத்தின் பெரும்பகுதி கணிப்பொறி வழியே எழுத்தாகின்றது. அப்பொறியைப் பிறர் பூட்டிவைக்க விட்டு, அதற்குக் கணிப்பொறி என்று தூய பெயர் சூட்டி மகிழ்வது மட்டும் போதுமா? பெயரும் நம்முடையதாகட்டும், பொறியும் நம்முடையதாகட்டும். கட்டற்ற மென்பொருள் என்பது நமக்கென்று வைக்கப்பட்டிருக்கும் திறவுகோல். அதனை எடுத்துக்கொள்ள எவரிடமும் கைநீட்டிக் கேட்க வேண்டுவதில்லை. எடுத்துக்கொள்ளுதல் ஒன்றே நாம் செய்ய வேண்டுவது!